கோமடேசுவரர் திருவடியில் ஒரு தமிழ் வரி

சிங்காரப்பேட்டையிலிருந்து ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு வழியாகச் செல்வோர் ஒரு பகலுக்குள் சிரவணபெளகொளாவை அடைந்துவிடலாம். இரு பாறைமலைகளுக்கு நடுவே அமைந்த பழம்பெரும் ஊர் அது. கன்னடத்தில் ‘பெள்’ வெண்மை, ‘கொள’ குளம். தமிழர்க்கு உரை தேவையில்லாத பெயர். ஊருக்கு நடுவில் அக்குளம் இன்றும் உண்டு.

யாத்திரிகர் பெரும்பாலும் விந்தியகிரிக்கே விரைகின்றனர். தொன்மையில் மூத்தது எதிரிலுள்ள சிறிய மலையாகிய சந்திரகிரி. கடவப்ரம், கள்பப்பு என்பன அதன் பழம்பெயர்கள். அங்குள்ள, ஏறத்தாழ கி.பி. 600ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு, பன்னீராண்டுப் பஞ்சம் வரும் என்று பத்திரபாகு முன்னுரைத்ததையும், முனிவர் சங்கம் வடக்கிலிருந்து தெற்கே வந்ததையும், பிரபாசந்திரர் என்னும் ஆசாரியர் அம்மலையில் சல்லேகனை நோற்றதையும் கூறுகிறது. அவரே சந்திரகுப்த மௌரியர் என்பதும், விசாகாசாரியர் தலைமையில் முனிவர்கள் சோழ பாண்டிய நாடுகளுக்குச் சென்றனர் என்பதும் மரபு. கல்வெட்டு சொல்வதையும் மரபு சொல்வதையும் பிரித்தறிந்து போற்றுவதே முறை; இதனால் மரபின் பெருமை குறைந்துவிடாது.

விந்தியகிரி கடல் மட்டத்துக்கு மேல் 3,347 அடி. அறுநூற்றுக்கு மேற்பட்ட படிகளைக் கடந்தால், ஏறத்தாழ 58 அடி உயரத்தில் ஒரே கல்லில் பகவான் பாகுபலி நிற்கிறார். கங்க மன்னன் இராசமல்லனின் அமைச்சரும் படைத்தலைவருமான சாமுண்டராயர், 981ஆம் ஆண்டையொட்டி இத்திருவுருவை எடுப்பித்தார். 978இல் கன்னட உரைநடையில் புராணம் இயற்றிய புலவரும் அவரே. ஏறி வந்த களைப்பில் எல்லாக் கண்களும் அந்த முகத்தையே நாடும். திருவடியருகே செதுக்கப்பட்ட புற்றுகளின் ஓரத்தைப் பார்ப்போர் குறைவு. சாமுண்டராயர் இதைச் செய்வித்தார் என்னும் ஒரே செய்தி அங்கே கன்னடம், தமிழ், மராட்டி ஆகிய மும்மொழிகளில் பொறிக்கப்பட்டுள்ளது. மராட்டி வரி சற்றுப் பிற்பட்டது என்று கருதுவோரும் உண்டு.

தமிழ் வரியில் அவர் பெயர் கிரந்த எழுத்திலும், ‘செய்வித்தான்’ என்னும் வினைமுற்று வட்டெழுத்திலும் அமைந்துள்ளன. கன்னட நாட்டில், கன்னடம் எழுதும் ஒருவர் அமைத்த திருவுருவின் அடியில் தமிழ் எதற்கு? படிக்க ஆளில்லாத மொழியில் யாரும் கல் வெட்டுவதில்லை. தமிழ் அறிந்த சிராவகரும் அம்மலைக்கு வந்தனர் என்று கொள்வதே பொருந்தும்.

அந்த வட்டெழுத்து சிங்காரப்பேட்டை வட்டாரத்துக்கு அயலானதன்று. அடுத்துள்ள செங்கத்தைச் சூழ்ந்த ஊர்களின் நடுகற்கள், பல்லவர் காலம் முதல் அதே எழுத்தில் வெட்டப்பட்டவை. 1972இல் தொல்லியல் துறை அவற்றை நூலாக வெளியிட்டது. வயலோரக் கல்லில் வீரனின் பெயரைத் தாங்கிய எழுத்தே மலையுச்சியில் அருளாளரின் அடியைத் தாங்கி நிற்கிறது.

மறுதலையான சான்று தகடூரில், அதாவது இன்றைய தருமபுரியில் கிடைத்தது. நிதியண்ணன், சண்டியண்ணன் என்னும் வணிக உடன்பிறந்தார் அங்கே ஒரு பசதியை எடுப்பித்தனர். 893இல் நொளம்ப மன்னன் மகேந்திரன் தந்த மூலப்பள்ளி என்னும் ஊரை, நிதியண்ணன் கனகசேன சித்தாந்த படாரரிடம் அப்பசதிக்காக ஒப்படைத்தார். இந்தக் கல்வெட்டின் மொழி கன்னடம்! தமிழ் மண்ணில் கன்னடக் கல், கன்னட மண்ணில் தமிழ் வரி. பிற்காலத்தில் தகடூர் அதியமான் வழியினனான விடுகாதழகிய பெருமாள், போளூரை அடுத்த திருமலையில், தன் முன்னோன் எழினி நிறுவிய இயக்கன் இயக்கி உருவங்களைப் புதுப்பித்தான். எல்லைக்கோடு நம் காலத்தது. சங்கத்தின் பாதை அதற்கு முற்பட்டது.

சமணம் தமிழகத்துக்கு வந்தேறிய சமயம் என்று சொல்லக் கேட்டு வளரும் இளையோர்க்கு இக்கற்களைக் காட்டுவதைவிட வேறு மறுமொழி வேண்டுவதில்லை. ஆனால் கற்களைக் காட்ட எழுத்தும் தெரிய வேண்டும். 1889இல் ரைஸும் 1923இல் நரசிம்மாசாரியரும் சிரவணபெளகொளாக் கல்வெட்டுகளைத் தொகுத்து அச்சிட்டனர்; நம் இல்லங்களில் அந்நூல்களைப் புரட்டியவர் எத்தனை பேர்?

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் மகாமஸ்தகாபிஷேகம் கடைசியாக 2018 பிப்ரவரியில் நடைபெற்றது. அப்போது சாரம் கட்டி உச்சியில் நீரும் பாலும் சொரிவர். கூட்டமெல்லாம் அண்ணாந்து நிற்கும். பெருவிழா இல்லாத நாளில் செல்வோர்க்கே திருவடியை நின்று காணும் நேரம் வாய்க்கும். குழந்தைகளுடன் புறப்படுவோர், ‘செய்வித்தான்’ என்பதன் ஆறு எழுத்துகளை வட்டெழுத்தில் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லலாம். கல்லில் அவற்றை முதலில் கண்டுபிடிப்பவர்கள் குழந்தைகளாகவே இருப்பர்.