கம்பு சுத்த ஆள் வேணும்

சிலம்பம் எண்டு கதை எடுத்தால் எங்களில் கனபேர் முதலில் சொல்லுறது அதின்ர வயதைத்தான். ஐயாயிரம் வருசம், அகத்தியர், மூவேந்தர் எண்டு முகநூலில் பகிர ஒரு குறையும் இல்லை. ஆனால் ஊரில் பின்னேரங்களில் சிலம்பம் பழக்குகிற ஓர் ஆசானுக்கு இருக்கிற பிரச்சினை வேறு. நல்லாப் பழகி வருகிற பிள்ளை ஓ.எல். வகுப்போட நிண்டுவிடும். பிறகு ரியூசன், பிறகு ஏ.எல்., அதுக்குப் பிறகு வெளிநாடு. கலைக்கு வயது கூடிக்கொண்டு போக, பழகுகிறவரின் வயது பதினைந்தைத் தாண்டுவதில்லை.

அப்படியெண்டால் ஒரு போர்க்கலையை இவ்வளவு காலமும் யார் காப்பாற்றினது? வரலாற்றில் கொஞ்சம் தேடிப் பார்ப்பம்.

எங்கட திருநெல்வேலியின் பெயரையே கொண்ட அக்கரைத் திருநெல்வேலியில் இருந்து தொடங்கலாம். 1799 ஒக்டோபர் 16இல் கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். 1801இல் ஊமைத்துரையும் மருது சகோதரர்களும் நடத்திய போரும் தோற்றது. அந்த வருசம் டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையக்காரர்களின் கோட்டைகளை இல்லாமல் ஆக்குவதும், தெற்கில் இருந்த சனங்களிடம் இருந்து ஆயுதங்களைக் களைவதும்தான் அதின் நோக்கம். வாளும் வேலும் பழகினவர்களுக்குச் சோறு போட்ட பாளையங்கள் அதோட முடிந்தன. அதுக்குப் பிறகு கம்பைச் சுமந்தது கோயில் திருவிழாவும், ஊர்ச் சனமும், ஆசானைச் சுற்றி நிண்ட நாலு பெடியளும்தான். ஈழத்திலும் அப்படித்தான். கோயில் வீதியில் சாமிக்கு முன்னால் சிலம்படி நடக்கும். கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் சீனடி, சிலம்படி எண்டு பழகி வந்திருக்கினம்.

கேரளத்துக் களரியும் இதே மாதிரி மெலிந்து போய்க் கிடந்த ஒண்டுதான். 1920களில் தலச்சேரிப் பக்கத்தில் கோட்டக்கல் கணாரன் குருக்களிடம் பழகின சி.வி. நாராயணன் நாயர், ஊர் ஊராகப் போய்க் களரியை மேடையில் செய்து காட்டினார். 1937இல் சிறக்கல் டி. ஸ்ரீதரன் நாயர் களரிப்பயிற்று பற்றி மலையாளத்தில் ஒரு புத்தகமே எழுதி வெளியிட்டார். ஒருவர் ஆடிக் காட்ட, மற்றவர் எழுதி வைத்தார். இண்டைக்கு வடகரையில் மீனாட்சி அம்மா நடத்துகிற களரியில் மாதக் கட்டணம் இல்லை, மாணவர்கள் குருதட்சணைதான் குடுக்கினம். 2017இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

மாணவர்களால் என்ன செய்ய ஏலும் எண்டதுக்கு யப்பானில் இன்னும் தெளிவான கதை ஒண்டு இருக்கு. ஒக்கினாவாவில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்த பூனகோஷி கிச்சின் 1922இல் கராத்தேயைச் செய்து காட்ட டோக்கியோ வந்தார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, கையில் காசும் இல்லை. ஒக்கினாவா மாணவர்களின் விடுதி ஒண்டில் தங்கி, அறை கூட்டி, தோட்டம் பார்த்து, மிஞ்சின நேரத்தில் கராத்தே பழக்கினார். 1924இல் கெய்யோ பல்கலைக்கழகத்தில் முதலாவது பல்கலைக்கழகக் கராத்தே கழகம் தொடங்கியது. பிறகு மற்றப் பல்கலைக்கழகங்களும் பின்தொடர்ந்தன. அவருக்கெண்டு ஒரு பயிற்சிக்கூடம் கட்டக் காசு சேர்த்ததும் கராத்தே பழகினவர்கள்தான். இண்டைக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை கராத்தே உடுப்புப் போட்டுக்கொண்டு போகுதெண்டால், அதுக்குப் பின்னால் அந்தக் கம்பஸ் பெடியளும் இருக்கினம்.

எங்கட நாட்டிலேயே, போர்க்கலையில் இல்லாட்டியும் கூத்தில் இதைச் செய்து காட்டியிருக்கினம். 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு அண்ணாவிமாரை மதித்துக் கூப்பிட்டு, மாணவர்களுக்கு ஆட்டம் பழக்குவித்தார். 1962இல் ‘கர்ணன் போர்’ மேடையேறியது, 1964இல் ‘இராவணேசன்’ வந்தது. அதில் ஆடின மாணவர்களில் ஒருவர்தான் பிறகு பேராசிரியரான சி. மௌனகுரு. வித்தியானந்தன் பின்னாளில் எங்கட பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். விடிய விடிய ஆடுகிற கூத்தைச் சுருக்கினது சரியோ எண்ட விமர்சனமும் இருக்கு. அதையும் நாங்கள் படிக்க வேணும். ஆசானிடம் போகிற படித்த பெடியள், ஆசானுக்கு மேலால் போய் நிக்கக் கூடாது.

சரி, நாங்கள் என்ன செய்யலாம்?

முதல் வேலை, போய்ச் சேருவது. மாதக் காசை நேரத்துக்குக் குடுத்து, ஒரு வருசமாவது நிண்டு பழகுவம். இருபது வயதுக்காரர் நாலு பேர் முன்வரிசையில் நிண்டால், ஓ.எல். பிள்ளைக்கும் நிக்க ஒரு காரணம் கிடைக்கும்.

அடுத்தது, எங்களுக்குத் தெரிந்த வேலை: எழுத்து. பிரதேச செயலகத்துக் கலாசார உத்தியோகத்தருக்கு விண்ணப்பம் எழுத, கணக்குப் புத்தகம் வைக்க, கோயில் சபையிடம் பழக இடம் கேட்டுக் கடிதம் குடுக்கப் பெரிய பட்டம் தேவையில்லை. ஆசானின் பாதி நேரத்தைத் தின்பது இந்த வேலைகள்தான்.

மூன்றாவது, பதிவு. ஒவ்வொரு அடிக்கும், சுத்துக்கும், வரிசைக்கும் ஆசான் சொல்லுற பேர் இருக்கு. அவர் யாரிடம் பழகினார், அந்த ஆள் யாரிடம் பழகினார் எண்ட வரிசை இருக்கு. இவை கனக்க அவரின்ர வாயில் மட்டும்தான் இருக்கு. கேட்டு ஒலிப்பதிவு செய்து நூலகம் நிறுவனத்தின் ஆவணகத்தில் சேர்க்கலாம். கலைப்பீடத்தில் இறுதி வருச ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுகிறவர்களுக்கு இதைவிடக் கிட்டவான ஒண்டு கிடைக்காது. ஆனால் முதலில் அனுமதி கேட்க வேணும். வர்ம அடிகளைப் படம் எடுக்க வேண்டாம் எண்டு அவர் சொன்னால் கமராவை மூடி வைப்பம்.

ஐயாயிரம் வருசத்தை நிரூபிக்கிற வேலையைக் கொஞ்சம் ஒத்திப் போடலாம். எங்கட ஊர் ஆசான் பழகின காலத்தையும், அவருக்குப் பழக்கினவரின் பேரையும் எழுதி வைக்க இப்ப விட்டால் பிறகு ஏலாது. அந்த வரலாற்றைச் சொல்லக்கூடிய ஆள் இண்டைக்கும் பின்னேரம் அஞ்சு மணிக்குக் கம்போட வந்து நிக்கிறார்.