மூலநிரலும் தனிச்சொத்துரிமையும்: எஸ்.சி.ஓ. வழக்கின் வரலாற்றுப் பின்னணி

2003ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலே, எஸ்.சி.ஓ. குழுமம் என்னும் சிறு கொம்பனியொன்று ஐ.பி.எம். பெருநிறுவனத்தின் மீது நூறு கோடி டொலர் நட்டஈடு கோரி வழக்குத் தொடுத்தது. தனக்குரிய யுனிக்ஸ் இயங்குதளத்தின் இரகசியங்களை ஐ.பி.எம். லினக்ஸ் இயங்குதளத்தினுட் புகுத்திவிட்டது என்பதே குற்றச்சாட்டு. இரு வணிக நிறுவனங்களுக்கிடையே எழுந்த ஒப்பந்தத் தகராறாக மட்டும் இதனைக் கொள்வோர் உளர். சட்டநூலாரின் நோக்கில் அது பொருத்தமாகவும் இருக்கலாம். ஆயின் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது, பல நாட்டு நிரலாளரின் கூட்டுழைப்பால் உருவாகி, எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை பெற்றிருந்த ஒரு பொதுச் சொத்தேயாகும். வழக்கையும் அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்த பிரசாரத்தையும் ஒருசேர நோக்குமிடத்தே இவ்வுண்மை புலப்படும்.

யுனிக்ஸின் பிறப்பே இவ்வகையில் ஆராயத்தக்கது. 1969இல் ஏ.டி. அன்ட் டி. தொலைபேசி நிறுவனத்தின் பெல் ஆய்வுகூடத்தில் அது தோன்றியது. ஏகபோகத் தடைச் சட்டத்தின் கீழ் 1956இல் ஏற்பட்ட உடன்பாடு, தொலைத்தொடர்புக்குப் புறம்பான வணிகத்தில் அந்நிறுவனம் இறங்குவதைத் தடைசெய்திருந்தது. ஆதலால் யுனிக்ஸின் மூலநிரல், அதாவது மனிதர் படித்து விளங்கத்தக்க வடிவம், சொற்பக் கட்டணத்திற் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கப்பட்டது. பேர்க்கிளியில் ஆசிரியரும் மாணவரும் அதனை விரித்தனர், திருத்தினர், பல பகுதிகளைப் புதிதாக எழுதினர். 1984இல் பெல் அமைப்புப் பிரிக்கப்பட்டுத் தடை நீங்கியதும், நேற்றுவரை கைமாறி வந்த நிரல் இன்று விலைப்பொருளாயிற்று. 1992இல் ஏ.டி. அன்ட் டி.யின் துணை நிறுவனம், பேர்க்கிளி நிரலை விநியோகித்த கொம்பனியொன்றையும் தொடர்ந்து கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தையும் நீதிமன்றத்துக்கு இழுத்தது. 1994இல் வழக்குச் சமரசத்தில் முடிந்தபோது, ஏறத்தாழ 18,000 கோப்புகளுள் நீக்கவேண்டியிருந்தவை மூன்றே! இடைப்பட்ட காலத்திற் பரவிய ஐயமும் அச்சமும் விளைவித்த சேதத்தை எக்கோப்பிலும் கணக்கிட முடியாது. இம்முறை பின்னரும் கையாளப்பட்டது என்பதனாலேயே இதனை விரித்துரைத்தோம்.

வழக்காற்றுரிமையொன்று குற்றமாக மாற்றப்படும் நிகழ்வு முதலாளித்துவ வரலாற்றிற் புதியதன்று. றைன் மாகாணத்து ஏழைகள் காட்டில் விழுந்த விறகைப் பொறுக்குவதைத் திருட்டெனச் சட்டமாக்க முயன்ற மாகாண சபை விவாதங்களைப் பற்றி, இளம் மார்க்ஸ் 1842இல் எழுதினார். 1976 பெப்ரவரியில் பில் கேற்ஸ் கணனி ஆர்வலருக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தை அதன் அருகில் வைத்துப் படிக்கலாம். தமது கொம்பனியின் பேசிக் மொழிபெயர்ப்பியை அவர்கள் ஒருவருக்கொருவர் படியெடுத்துக் கொடுத்ததை அவர் திருட்டு என்றார். அக்காலக் கணனிக் கழகங்களில் நிரலைப் பகிர்தல் இயல்பான பழக்கமாயிருந்தது. விறகு நெருப்பில் முடிந்துபோகும். நிரலோ படியெடுக்கப்பட்டாற் குறைவதில்லை. ஆகவே இங்கு பற்றாக்குறையைச் சட்டத்தின் வலிமையாலேயே உண்டாக்கவேண்டியிருந்தது.

1983இல் குனூ திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டோல்மன், 1989இல் வெளியிட்ட பொது உரிமத்தின் மூலம் அச்சட்டத்தையே எதிர்த்திசையிற் பிரயோகித்தார். பதிப்புரிமையைத் துறவாது வைத்துக்கொண்டு, நிரலைப் பெற்றுத் திருத்தி விநியோகிப்பவர் அதே உரிமைகளைப் பிறருக்கும் அளித்தல் வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ் இவ்வுரிமத்தின் கீழ் வளர்ந்தது. ஸ்டோல்மன் மார்க்சியர் அல்லர். தனிமனித சுதந்திரம் என்னும் தாராளவாதக் கருத்தே அவரது அடிப்படை. எனினும் பொது உழைப்பின் பயனை மீண்டும் வேலியிட்டு அடைப்பதற்கு அவரது உரிமம் தடையாயிற்று. மூலதனத்தின் சினத்துக்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

1998இன் பிற்பகுதியில் வெளியே கசிந்த மைக்ரோசொப்டின் உள்ளகக் குறிப்பொன்று, அச்சினத்தின் பின்னிருந்த கணிப்பைக் காட்டிற்று. ஐயத்தையும் அச்சத்தையும் பரப்பும் வழமையான தந்திரம் இம்மென்பொருளிடம் பலிக்காது என்று அதை வரைந்தவர் ஒப்புக்கொண்டிருந்தார். கணனிகள் தம்முட் செய்தி பரிமாறும் பொது நெறிமுறைகளை, எங்கும் ஒருதன்மையாய்க் கிடைக்கும் ‘பண்டம்’ என்ற நிலையினின்று அகற்றவேண்டும் என்பது அவரது ஆலோசனைகளுள் ஒன்று. வணிக வழக்கில் இங்கு ‘பண்டம்’ எனப்பட்டது எவர்க்கும் பொதுவானதை. மார்க்சியக் கலைச்சொல்லாற் கூறின், பொதுப் பயன்மதிப்பைத் தனியொரு கொம்பனியின் பண்டமாக்குக என்பதே ஆலோசனை. ஒரே செயலை இரு சொல்மரபுகள் நேரெதிராகச் சுட்டுவது வேடிக்கையே.

பலிக்காது எனப்பட்ட தந்திரம் ஆயினும் கைவிடப்படவில்லை. ஸ்டீவ் போல்மர் 2000இல் லினக்ஸிற் பொதுவுடைமையின் சாயலைக் கண்டார். 2001 ஜூனில், தொட்டதையெல்லாம் பற்றும் புற்றுநோய் என்றார். கெடுபிடி யுத்தம் முடிந்து பத்தாண்டு கழிந்தும் அதன் சொல்லாட்சி விற்பனைக்கு உதவிற்று. பின்னர் தொனி மாறியது. ‘உண்மைகளை அறியுங்கள்’ என்ற தலைப்பிற் செலவு ஒப்பீடுகள் விளம்பரமாயின. அவற்றுள் ஒன்று, லினக்ஸின் செலவு வின்டோஸைப் போன்று பத்து மடங்கு என்றது. லினக்ஸ் ஓடியது ஐ.பி.எம்.மின் பெருங்கணனியில், வின்டோஸ் ஓடியதோ சாதாரண வழங்கியில். 2004இல் பிரித்தானிய விளம்பரத் தர அதிகாரசபை அதனைத் தவறான எண்ணந்தருவது எனத் தீர்த்தது.

எஸ்.சி.ஓ.வின் வழக்கு இப்பிரசாரத்துக்கு நீதிமன்றத் தோற்றத்தை அளித்தது. அக்கொம்பனியின் முன்னைய பெயர் கல்டேரா. அதுவே பல ஆண்டுகள் லினக்ஸை அப்பொது உரிமத்தின் கீழ் விநியோகித்து வந்தது! 2001இல் யுனிக்ஸ் வணிகத்தை வாங்கிப் பெயர் மாற்றிய பின்னரே லினக்ஸிற் களவுப்பொருளைக் கண்டது. 2003 மே மாதத்தில் ஏறத்தாழ 1,500 பெருநிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் போயிற்று. லினக்ஸைப் பயன்படுத்துவோர் செயலியொன்றுக்கு 699 டொலர் செலுத்துக என்ற கோரிக்கை தொடர்ந்தது. நட்டஈட்டுத் தொகை படிப்படியாக ஐந்நூறு கோடியாயிற்று. மைக்ரோசொப்ட் உரிமக் கட்டணமாக 1.6 கோடி டொலருக்கு மேற் செலுத்தியது. அவ்வாண்டு ஒக்டோபரில் பேஸ்டார் என்ற முதலீட்டு நிறுவனத்தின் ஏற்பாட்டில் மேலும் 5 கோடி டொலர் கிடைத்தது. அம்முதலீட்டை ஊக்கியவர் மைக்ரோசொப்ட் அதிகாரியொருவர் என்று பேஸ்டாரின் தலைவர் பின்னர் சத்தியக்கூற்று அளித்தார். உத்தரவாதம் எதனையும் தான் வழங்கவில்லை என மைக்ரோசொப்ட் மறுத்தது.

சான்றுகளின் தரம் யாது? 2003 ஓகஸ்டில் லாஸ் வேகாஸ் நகரில் எஸ்.சி.ஓ. காட்டிய நிரற் துண்டுகளை நிரலாளர் சில நாட்களிலேயே இனங்கண்டனர். அவற்றுள் ஒன்று, கல்டேராவே முன்னர் கட்டற்றதாக விடுவித்த பழைய யுனிக்ஸைச் சேர்ந்தது. மூலபாட ஆய்விற் பழகியவர்க்கு இவ்வேலை அந்நியமானதன்று: பிரதிகளை ஒப்பிட்டு வம்சவழி காண்டலே அது. 2003 டிசம்பரில் எஸ்.சி.ஓ.வின் தலைவர் டார்ல் மக்பிரைட் வேறொரு வாதத்தை முன்வைத்தார். பதிப்புரிமையின் அடிப்படை இலாப நோக்கமே. எனவே பொது உரிமம் அமெரிக்க அரசியலமைப்புக்கு முரணானது என்றார். வழக்கு முழுவதிலும் இவ்வளவு நேர்மையான கூற்று வேறில்லை என்பது எமது கருத்து.

2007 ஓகஸ்டில், யுனிக்ஸின் பதிப்புரிமை நொவெல் நிறுவனத்திடமே உள்ளது என்று நீதிபதி டேல் கிம்பல் தீர்ப்பளித்தார். அடுத்த மாதமே எஸ்.சி.ஓ. வங்குரோத்துப் பாதுகாப்பை நாடியது. மேன்முறையீட்டால் மீள விசாரிக்கப்பட்டு, 2010இல் யூரிமாரும் நொவெலின் பக்கமே நின்றனர்.

இதனைப் பொதுமையின் வெற்றியெனக் கொண்டாடும் எழுத்துகள் பல. அவை ஒரு கேள்வியைத் தவிர்க்கின்றன: பிரதிவாதி ஐ.பி.எம். அன்றி, வசதியற்ற ஒரு தன்னார்வக் குழுவாயிருந்தால் எத்தனை ஆண்டு தாக்குப்பிடித்திருக்கும்? ஐ.பி.எம். லினக்ஸைக் காத்தது, அதன்மீது தன் இயந்திரங்களையும் சேவைகளையும் விற்றமையாலேயாம். மூலதனத்தின் ஒரு பகுதி கூட்டுழைப்பைத் தடைசெய்ய முயல, மறுபகுதி அதனைக் கூலியின்றிக் கிடைத்த உற்பத்திச் சாதனமாகக் கண்டது. காலப்போக்கில் முதலாவது பகுதியும் அப்பாடத்தைக் கற்றது. 2007இல் கட்டற்ற மென்பொருள் தனது 235 காப்புரிமைகளை மீறுவதாக, அவற்றின் பட்டியலை வெளியிடாமலே அச்சுறுத்திய மைக்ரோசொப்ட், 2018இல், அத்தகைய நிரல்கள் பெருமளவிற் சேமிக்கப்படும் கிட்ஹப்பை 750 கோடி டொலர் பெறுமதியான பங்குகளுக்கு வாங்கியது.

ஐ.பி.எம். வழக்கு 2021இலேயே தீர்ந்தது. வங்குரோத்தான எஸ்.சி.ஓ.வின் சொத்து நிர்வாகத்துக்கு 1.425 கோடி டொலர் கொடுத்து ஐ.பி.எம். அதனை முடித்துக்கொண்டது. லினக்ஸை எழுதிய நிரலாளர் அச்சமரசத்தில் ஒரு தரப்பினராக இருக்கவில்லை.