கேட்கிறவர் எந்தத் தெருவில் நிற்கிறார்?

பூதலூர் ஸ்டேஷனில் திருச்சிப் பக்கம் போகும் பாசஞ்சருக்குக் காத்திருக்கிற கூட்டத்தில் சில நாள் இப்படி ஒரு குடும்பத்தைப் பார்க்கலாம். மகனின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடி அம்மா, துணிமூட்டையோடு அப்பா. கேட்டால், "புத்தி பேதலிச்சுப் போச்சுங்க, குணசீலம் போறோம்" என்பார்கள். திருச்சியைத் தாண்டிக் காவிரிக்கரையில் இருக்கிற அந்தப் பெருமாள் கோயிலில் மனநோயாளிகளை ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கவைப்பது வெகுகால வழக்கம். சேரியிலிருந்து போகிறவருக்கு அந்தப் பாதை அவ்வளவு பழையதல்ல. 1939இல் மதுரையில் தொடங்கி 1947 சட்டத்தோடு மாகாணம் முழுவதற்கும் வந்த ஆலயப் பிரவேசத்துக்கு முன்னால், பெரிய கோயில்களின் வாசல் நமக்கு அடைத்தே கிடந்தது. நாகூர் தர்கா, வேளாங்கண்ணி மாதா, நம் எல்லைச்சாமி, இவைதான் கதி. பைத்தியம் பிடித்துப் போய் விழுகிற வாசலிலும் சாதி காவல் நின்றது.

அப்படியானால் ஆஸ்பத்திரி வாசல்? அங்கே நோயாளி பேசியதைக் கேட்டது யார், எழுதியது யார்? மனநலச் செவிலியம் ஒரு படிப்பாக, ஆய்வாக, பேராசிரியர் பதவியாக வளர்ந்த வரலாற்றை இந்தக் கேள்வியோடுதான் நாம் படிக்க வேண்டியிருக்கிறது.

சென்னையில் 1794இல் வாலண்டைன் கனோலி என்ற கம்பெனி மருத்துவர் ஒரு பைத்தியக்கார விடுதியை நடத்தத் தொடங்கினார். 1871இல் அரசு மனநோய் விடுதி கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. 145 நோயாளிகளோடு திறந்தார்கள். அதே 1871இல் சென்னைப் பொது மருத்துவமனையில் நர்சுகளுக்குப் பயிற்சி தொடங்கியது. ஒரே ஊர், ஒரே வருஷம். ஆனாலும் விடுதிக்குள் இருந்தது நர்ஸ் அல்ல, காவலாள். குளிப்பாட்டுவதும், மலம் அள்ளுவதும், திமிறுகிறவரைப் பிடிப்பதும், ராத்திரி முழுக்க அலறலைக் கேட்பதும் அவர் வேலை. பேனா மருத்துவரிடம் இருந்தது. நோயாளியோடு அதிக நேரம் இருந்தவருக்கு எழுதும் உரிமை இல்லை. எழுதும் உரிமை உள்ளவர் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

நர்ஸ் வேலைக்கே ஆள் வராத காலம் அது. எச்சில், ரத்தம், மலம், அந்நியரின் உடம்பு: வருணதருமம் தீட்டு என்று ஒதுக்கிய எல்லாவற்றையும் தொடவேண்டிய வேலை. ஆதிக்க சாதிக் குடும்பங்கள் பெண்களை அனுப்பவில்லை. ஆங்கிலோ இந்தியப் பெண்கள், மிஷன் பள்ளிகளில் படித்த கிறிஸ்தவப் பெண்கள், போக்கிடமில்லாத விதவைகள் வந்தார்கள். 1946இல் போர் குழு அறிக்கை கணக்குப் போட்டபோது இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு நர்ஸ் இருந்தார். மனநோய் மருத்துவமனைப் படுக்கை ஏறத்தாழ 40,000 பேருக்கு ஒன்று. இங்கிலாந்தில் 300 பேருக்கு ஒன்று. இந்தப் பஞ்சத்துக்கு வறுமையும் காலனி ஆட்சியும் காரணம் என்பார்கள். சரி. அந்தப் பட்டியலில் தீட்டு என்ற சொல்லையும் சேர்க்காமல் கணக்கு முடியாது.

அதே 1946இல் வேலூரிலும் டெல்லியிலும் செவிலியப் பட்டப்படிப்பு வந்தது. 1954இல் பெங்களூரில் அகில இந்திய மனநலக் கழகம் அமைந்து (இன்றைய நிம்ஹான்ஸ்), 1956இல் மனநோய்ச் செவிலியத்துக்கென்று டிப்ளமோ தொடங்கியது. 1957இல் வேலூர் மிஷன் மருத்துவமனை பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கினார்கள். நம் தாய்மார்கள் காலங்காலமாகச் செய்த பராமரிப்புக்கு அங்கே ஓர் இடம் கிடைத்தது.

மனநலச் செவிலிய ஆசிரியை எதைக் கற்றுக்கொடுக்கிறார்? ஊசியும் மாத்திரையும் எல்லா நர்சுக்கும் பொது. இவருடைய பாடத்தின் மையம் பேச்சு. நர்சுக்கும் நோயாளிக்கும் இடையில் வளர்கிற உறவே சிகிச்சை என்று ஹில்டகார்ட் பெப்லோ என்ற அமெரிக்கச் செவிலியர் 1952இல் புத்தகம் எழுதினார். அதை ஆய்வுக்கு எடுத்துப்போனவர்களில் ஆனி ஆல்ட்ஷுல் முக்கியமானவர். வியன்னாவில் 1919இல் பிறந்த யூதப்பெண். கணிதம் படித்துக்கொண்டிருந்தபோது, 1938இல் நாஜிகளுக்குத் தப்பி இங்கிலாந்து வந்தார். குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை செய்தார், பிறகு நர்சானார், மனநோய் வார்டுக்குப் போனார். வார்டில் எந்த நர்ஸ் எந்த நோயாளியோடு எவ்வளவு நேரம் பேசுகிறார் என்று உட்கார்ந்து பார்த்து 1972இல் ஆய்வை வெளியிட்டார். தாங்கள் செய்வதற்கு ஒரு கோட்பாடு சொல்ல நர்சுகளுக்குத் தெரியவில்லை என்று கண்டார். 1976இல் எடின்பரோவில் செவிலியப் பேராசிரியரானார். தனக்கே வந்த மனச்சோர்வைப் பற்றியும் பின்னர் எழுதினார். பிறப்புக்காகத் துரத்தப்பட்ட ஒருத்தி, வீட்டுவேலையிலிருந்து பேராசிரியர் நாற்காலி வரை போனாள். நம் பெண்பிள்ளைகள் படிக்கவேண்டிய வாழ்க்கை அது.

எண்ணிக்கையைவிட மனிதர்களின் சொல்லையும் வாழ்க்கையையும் ஆதாரமாகக் கொள்ளும் இந்த முறைக்குப் பண்புசார் ஆய்வு என்று பெயர். நம் தஞ்சாவூர்ச் சீமைக்கு இது புதிதல்ல. கேத்லீன் கஃப் 1951 முதல் 1953 வரை இங்கே கிராமங்களில் தங்கி ஆராய்ந்தார். 1961-62இல் ஆந்திரே பெத்தெய் வந்தார். தான் ஆராய்ந்த ஊருக்கு ஸ்ரீபுரம் என்று பெயர்வைத்தார். தங்கியது அக்கிரகாரத்தில். அதனாலேயே சேரிக்குள் தாராளமாகப் போய்ப் பழக முடியவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார். நேர்மையான ஒப்புதல். அதற்குள் ஒரு பெரிய பாடம் இருக்கிறது: ஆய்வாளர் எந்தத் தெருவில் தங்குகிறாரோ அந்தத் தெருவின் காதால்தான் ஊரைக் கேட்கிறார்.

இதை மனநல வார்டுக்குக் கொண்டுவந்து பாருங்கள். "கடந்த இரண்டு வாரங்களில் ஆர்வமின்மையை உணர்ந்தீர்களா?" என்று புத்தகத் தமிழில் கேள்வித்தாளை நீட்டினால் நம் ஆயி என்ன சொல்லும்? "அப்புடியெல்லாம் ஒண்ணுமில்லீங்க." ஆண்டே முன்னால் கைகட்டி நின்று, வலித்தாலும் வலிக்கவில்லை என்று சொல்லப் பழகிய நாக்கு அது. சாணிப்பாலும் சவுக்கடியும் பார்த்த சமூகம். பண்ணையாள் பாதுகாப்புக்கு அவசரச் சட்டம் வந்ததே 1952இல்தான். அதே ஆயி பக்கத்துவீட்டு அத்தாச்சியிடம் "நெஞ்சு கனமா இருக்குடி, ராவெல்லாம் கண்ணு மூடல" என்று சொல்லும். முதல் பதிலை மட்டும் எழுதிக்கொள்ளும் ஆய்வு, சேரியில் நோயே இல்லை என்று முடிவுகட்டும்.

ஒப்புதல் படிவம் என்று ஒன்று உண்டு. ஆய்வுக்குச் சம்மதம் என்று கையெழுத்து வாங்குவது, நல்ல நெறிதான். ஆனால் கைநாட்டு வைத்துக் கடனில் மாட்டிய குடும்பத்தில் மசிப்பெட்டியைத் திறந்தாலே பயம் வரும். இந்தப் பயத்தையும் தரவாக எடுத்துக்கொள்ளத் தெரிந்தவர்தான் ஆய்வாளர்.

நம் சாதியில் பிறந்துவிட்டால் மட்டும் காது தானாகத் திறந்துவிடாது. படிப்பும் வெள்ளை உடுப்பும் நம்மையும் அடுத்த தெருவுக்குத் தூக்கிப் போய்விடும். அதை அறிந்து ஒவ்வொரு தடவையும் திரும்பி வரவேண்டும்.

1996இல் மாவட்ட மனநலத் திட்டம் நாட்டில் முதலில் தொடங்கிய மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிவைக்கப்பட்ட 28 பேர் தீயில் செத்தார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்தது. 18ஆம் பிரிவில் சாதியின் பேரால் பாகுபாடு இல்லாமல் சிகிச்சை பெறும் உரிமையை எழுதியது. சட்டத்தில் சாதி என்ற சொல் ஏறிவிட்டது. மனநலச் செவிலியப் பாடத்திட்டத்தில், ஆய்வேட்டில், வகுப்பறையில் அது ஏற வேண்டாமா? துப்புரவு வேலைக்கு நம்மை வைத்துக்கொண்டு, நேர்காணலுக்கு நம் துயரத்தை எடுத்துக்கொண்டு, பேராசிரியர் நாற்காலியை மட்டும் வேறொருவருக்கு வைத்திருந்தால் காவலாள் காலம் இன்னும் முடியவில்லை என்றுதான் அர்த்தம்.

இதுபோன்ற இதழ்களில் நாம் எழுதிவரும் வாக்குமூலங்களும் அந்த ஆய்வாளர்கள் தேடுவதும் ஒரே பொருள். மூலப்பொருளாக அதை விட்டுக்கொடுத்தது போதும். கேள்வியையும் நாம் கேட்போம், முடிவையும் நாம் எழுதுவோம்.

பூதலூர் ஸ்டேஷனில் அந்தக் குடும்பம் நாளைக்கும் வரும். பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து "எத்தினி நாளா தூக்கமில்ல ஆயி?" என்று கேட்கிறவள், செவிலியம் படித்த நம் தெருப்பெண்ணாக இருக்கட்டும். கேட்டதை எழுதும் பேனாவும் அவளிடமே இருக்கட்டும்.