மூணு கிலோ கால்

கோவில்பட்டியில் எங்க பெரியம்மா மகளுக்கு இளம்பிள்ளைவாதம். காலில் இரும்புக் கம்பியும் தோல் வாரும் வைத்த காலிப்பர். அக்கா வருவதற்கு முன்னாடி டக் டக் சத்தம் வரும். எட்டாவதோடு படிப்பை விட்டுட்டா. "நடந்துருவேன்டா, இதைத் தூக்கத்தான் முடியல" என்பாள்.

பெங்களூருக்கு மாற்றலாகி வந்த பிறகு, உடம்பில் மாட்டிக்கொள்ளும் இயந்திரக் கை கால்களின் கதையைத் தேடிப் படித்தேன். நான் பி.காம். ஆளுங்க. மோட்டார், சென்சார் எல்லாம் புரியாது. எடையும் விலையும் புரியும் :-)

1965-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக், ஹார்டிமேன் என்ற இயந்திர உடையைத் தொடங்கியது. மனிதனுக்கு யானை பலம் தரணுமாம். அதன் எடையே சுமார் 680 கிலோ! கடைசியில் ஒரு கை மட்டும்தான் உருப்படியாக இயங்கியது.

நம்ம ஆட்கள் வேறு இடத்தில் ஆரம்பித்தார்கள். 1968-ல் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் உருவாக்கியது ஜெய்ப்பூர் கால். சம்மணம் போடலாம், வெறுங்காலோடு வயலில் நடக்கலாம். 1990-களில் அப்துல் கலாம் ஐதராபாத் நிஜாம் மருத்துவமனையில் குழந்தைகள் 3 கிலோ காலிப்பரை இழுத்து நடப்பதைப் பார்த்தார். ஏவுகணைக்கான இலகுப் பொருளில் அது 300 கிராம் ஆனது.

2022-ல் சென்னை ஐ.ஐ.டி.யும் எங்க பெங்களூரு மொபிலிட்டி இந்தியாவும் சேர்ந்து, முழங்காலுக்கு மேலே கால் இழந்தவர்களுக்காக 'கடம்' என்ற செயற்கை மூட்டைக் கொண்டுவந்தார்கள். 160 டிகிரி மடங்கும், அதனால் ஆட்டோவிலும் உட்காரலாம். அதே வருடம் இஸ்ரோ அறிவித்த நுண்செயலி மூட்டு 1.6 கிலோ. அதை மாட்டிய ஒருவர் சுமார் 100 மீட்டர் நடந்தார்.

என் கணக்கு இதுதான்: பலம் கூட்டுவது அப்புறம், முதலில் பாரம் குறையணும்.

போன ஞாயிறு அக்காவிடம் 300 கிராம் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அப்பவே வந்திருந்தா நானும் காலேஜ் போயிருப்பேன்லடா" என்றாள். இன்னமும் அதே இரும்புதானாம். எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது, இத்தனை வருஷம் இதைக் கேட்காமலே இருந்திருக்கேன்.

அடுத்த மாதம் இங்கே வருகிறாள், இலகுவான காலிப்பருக்கு அளவெடுக்க. உங்க ஊர்லயும் ஒரு அக்கா இருப்பாங்க. இந்த வாரம் போன் பண்ணும்போது கேட்டுப் பாருங்களேன்.