மனைப்பிரிவாகும் பஞ்சமி நிலம்: நிலப்பயன் மாற்ற அனுமதி கேட்க மறக்கும் கேள்வி

செங்கல்பட்டுக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையே பாலாற்றை ஒட்டி அமைந்த வாலாஜாபாத், ஆற்காட்டு நவாபின் பட்டப்பெயரைத் தாங்கிய பேரூராட்சி. ஒரகடம் தொழிற்பகுதி வளர்ந்த பின் இதைச் சுற்றியுள்ள வயல்கள் வேகமாக வீட்டுமனைகளாகி வருகின்றன. சாலையோர விளம்பரப் பலகைகளில் 'டிடிசிபி அனுமதி பெற்றது' என்ற வாசகமே முதலில் கண்ணில் படுகிறது. அந்த அனுமதி எதை உறுதிசெய்கிறது, எதை உறுதிசெய்யவில்லை என்பதைத் தலித் மக்கள் அறிந்திருப்பது அவசியம். ஏனெனில் இது பஞ்சமி நிலத்தின் தாய்மண்.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலைமை குறித்து 1891இல் அறிக்கை அளித்தார். அதைத் தொடர்ந்து 1892இல் சென்னை மாகாண அரசு தரிசு நிலங்களை ஒடுக்கப்பட்டோருக்கு ஒப்படைக்க ஆணையிட்டது. மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. முதல் 10 ஆண்டுகள் நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதன்பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அரசு இழப்பீடின்றி நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். இவையே நிபந்தனைகள். இதே மாவட்டத்துக் கரணையின் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் 10.10.1994 அன்று காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர். நிலத்தை மீட்க ஓய்வுபெற்ற நீதிபதி மருதமுத்து தலைமையில் 2011இல் குழு அமைக்கப்பட்டதும் நினைவிருக்கலாம்.

மன்றம் தீர்மானம் நிறைவேற்றினால் வயல் மனையாகிவிடும் என்று நம்புவோர் பலர். நடைமுறை வேறு. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971இன்படி, முழுமைத் திட்டம் உள்ள பகுதியில் எந்தச் சர்வே எண் விவசாய மண்டலம், எது குடியிருப்பு மண்டலம் என்பதைத் திட்டமே வகுக்கிறது. அதை மாற்றும் அதிகாரம் திட்டக் குழுமத்துக்கும் அரசுக்கும் உரியது. திட்டம் இல்லாத பகுதிக்கு 47-அ பிரிவும் 2017ஆம் ஆண்டின் விதிகளும் பொருந்தும்; அங்கே உள்ளாட்சி அமைப்பு அனுமதி வழங்கினாலும் நகர் ஊரமைப்பு இயக்குநரின் முன் இசைவு தேவை.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெரும் ஓட்டை உண்டு. சாலையின் அகலம், நீர்வழி, சுற்றுப்புறப் பயன்பாடு ஆகியவற்றைத் திட்ட அதிகாரி ஆராய்கிறார். உரிமை மூலத்தைப் பொறுத்தவரை, விண்ணப்பதாரர் தரும் பட்டாவையும் பத்திரத்தையும் ஏற்கிறார். 'இந்த அனுமதி உரிமையை உறுதிசெய்யாது' என்ற ஒரு வரியோடு அவர் கடமை முடிந்துவிடுகிறது. பட்டாவோ 1980களின் யு.டி.ஆர். கணக்கெடுப்பை அடியொற்றியது. பழைய அ-பதிவேட்டில் இருந்த நிபந்தனைக் குறிப்பு புதிய கணக்கில் ஏறாமல் போன இடங்கள் உண்டு. குறிப்பு மறைந்த பட்டா, அதன் மேல் கிரயப் பத்திரம், அதன் மேல் மனைப்பிரிவு அனுமதி! மூன்றாவது படியை எட்டும்போது நிலம் நூறு பேருக்கு விற்கப்பட்டிருக்கும். அவர்களில் பெரும்பாலோர் சீட்டுப் பணத்தையும் வங்கிக் கடனையும் போட்டு வாங்கிய எளியவர்கள். மீட்பு என்ற சொல்லே அப்போது ஏழைக்கு எதிராக ஏழையை நிறுத்திவிடும். ஆகவே தடுக்க வேண்டிய இடம் நிலப்பயன் மாற்ற விண்ணப்பமே.

அனுமதியற்ற மனைகளைப் பதிவுசெய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்த பின் இந்த முத்திரையின் மதிப்பு பன்மடங்கு உயர்ந்துவிட்டது. விளைநிலத்தைக் காக்க வந்த ஆணை அது. எனினும் வாங்குவோர் கண்ணுக்கு டிடிசிபி அனுமதியே உரிமைச் சான்றாகத் தெரிகிறது.

பேரூராட்சிக்குப் பங்கே இல்லையா? உண்டு. மனைப்பிரிவின் சாலைகளும் பூங்கா இடமும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட வேண்டும். பஞ்சமி நிலமாயின், உரிமையற்றவர் தரும் தானத்தை மன்றம் பெறுகிறது என்றே பொருள். தனித்தொகுதி உறுப்பினர்கள் இந்தக் கட்டத்தில் பழைய பதிவேட்டின் நகலைக் கேட்டு, தம் ஆட்சேபத்தைக் கூட்டக் குறிப்பில் பதியச் செய்யலாம். மன்றத்தில் ஒருவர் எழுந்து கேட்பதால் மட்டும் கோப்பு நின்றுவிடாது; ஆனாலும் ஆட்சேபம் பதிவில் இருக்கும்.

கர்நாடகம் 1978இலேயே தனிச் சட்டம் இயற்றி, பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு ஒப்படைத்த நிலத்தின் முறையற்ற விற்பனையைச் செல்லாததாக்கியது. மஞ்சேகவுடா வழக்கில் (1984) உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை உறுதிசெய்தது. தமிழ்நாட்டில் நாம் இன்னமும் வருவாய் வாரிய நிலையாணைகளையே முதன்மையாக நம்பியிருக்கிறோம். நிலமற்றோர் நலன் பேசும் கட்சிகளின் ஆட்சிகள் மாறி மாறி வந்தும் இதுவே நிலை.

முழுமைத் திட்ட வரைவு வெளியானால், 26ஆம் பிரிவின்படி ஆட்சேபங்களுக்குக் குறைந்தது 2 மாத அவகாசம் தரப்பட வேண்டும். தனித்தனி மண்டல மாற்றத்துக்கான அறிவிப்போ நாளிதழின் மூலையில் சர்வே எண்களாக வந்து போய்விடும். அந்த எண்களைக் குறித்துக்கொண்டு, தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வட்டாட்சியர் அலுவலகத்தில் யு.டி.ஆர்.க்கு முந்தைய அ-பதிவேட்டின் நகலைக் கோருங்கள். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு என்பதால் ஆட்சேபத்தை அதற்காகக் காத்திராமல் அனுப்பிவிடுங்கள். அதில் மூன்று செய்திகள் போதும்: சர்வே எண், 1892ஆம் ஆண்டு ஆணையின் நிபந்தனை, உரிமை மூலம் சரிபார்க்கப்படும் வரை மாற்றத்தை நிறுத்திவைக்கும் கோரிக்கை. நகலை மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புங்கள். ஒப்படைக்கப்பட்ட நிலத்தை முறைகேடாக ஆக்கிரமிப்பதும் அதிலிருந்து வெளியேற்றுவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஃப்), (ஜி) பிரிவுகளின்படி குற்றம் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். பின்னாளில் அனுமதியை எதிர்த்து உயர் நீதிமன்றம் செல்ல நேர்ந்தால், அதிகாரிக்குத் தெரிந்தே நடந்தது என்று காட்ட அந்த ஒப்புகைச் சீட்டே சான்றாகும்.