லாபிசில் குடை, பேங்காக்கில் நாற்காலி

1964 செப்டம்பர் 2, நள்ளிரவு தாண்டிய நேரம். ஜொகூரின் லாபிஸ் வட்டாரத்து வானம் இடியும் மின்னலுமாகக் கொந்தளித்துக்கொண்டிருந்தது. அதற்குள்தான் இந்தோனேசிய ஹெர்குலிஸ் விமானங்களிலிருந்து 96 வான்குடை வீரர்கள் குதித்தார்கள். காற்று ஆளுக்கொரு திசையில் தூக்கிப்போட்டது. சிதறியவர்களைக் கூர்க்காக்களும் நியூசிலாந்துப் படையினரும் வாரக்கணக்கில் தேடிப் பிடித்தார்கள். சுமந்து வந்த விமானம் அமெரிக்கத் தயாரிப்பு என்பது கூடுதல் வேடிக்கை. ஏனென்றால் அந்த ஆண்டின் தொடக்கத்தில் இந்தச் சண்டையை நிறுத்த ஓடியாடியவர்களும் அமெரிக்கர்களே.

இரண்டு வாரம் முன்பு, ஆகஸ்ட் 17 அன்று, பொந்தியான் கடற்கரையில் சுமார் நூறு பேர் படகில் வந்து இறங்கியிருந்தார்கள். அது இந்தோனேசியாவின் சுதந்திர நாள். இந்தோனேசிய அதிபர் சுகர்ணோ நாள் பார்த்துத்தான் அனுப்பியிருக்க வேண்டும். போர்னியோ எல்லைக் காட்டில் நடந்த 'கொன்ஃப்ரொந்தாசி', அதாவது மலேசியாவுக்கு எதிரான இந்தோனேசியாவின் மோதல், ஜொகூர் வாசலுக்கே வந்துவிட்டது.

வழக்கு போர்னியோ மண்ணைப் பற்றியது. உலகப்போர் முடிந்து 1946இல் பிரிட்டன் தன் நேரடிக் குடியேற்ற நாடுகளாக்கிக்கொண்ட சபாவும் சரவாக்கும், 1963 செப்டம்பர் 16 அன்று மலேசியாவில் சேர்ந்தன. பழைய எஜமானனின் புதிய வேடம் என்றார் சுகர்ணோ. சபா எங்களுடையது என்றது மணிலா.

சமாதானம் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. 1964 ஜனவரியில் அமெரிக்காவின் ராபர்ட் கென்னடி தோக்கியோவில் சுகர்ணோவைச் சந்தித்தார். போர்நிறுத்த அறிவிப்பும் வந்தது. தாய்லாந்து வெளியுறவு அமைச்சர் தனட் கோமன் பிப்ரவரியில் மூன்று தரப்பையும் பேங்காக்கில் உட்காரவைத்தார். ஜூனில் மலேசியப் பிரதமர் துங்குவும் சுகர்ணோவும் பிலிப்பைன்ஸ் அதிபர் மக்கபகாலும் தோக்கியோவில் கூடி, கைகுலுக்கி, வெறுங்கையோடு திரும்பினார்கள். துங்கு கேட்டது காட்டிலிருக்கும் வீரர்களைத் திருப்பி அழைக்கச் சொல்லி. சுகர்ணோ கேட்டது முதலில் அரசியல் தீர்வு. இடையில் இருப்பவர் எத்தனை கெஞ்சினாலும் அந்த முடிச்சு அவிழவில்லை.

பிறகு நியூயார்க். ஜொகூர் பாருவில் பிறந்த மலேசிய உள்துறை அமைச்சர் டாக்டர் இஸ்மாயில், கைப்பற்றிய ஆயுதங்களை ஐ.நா. பாதுகாப்பு மன்றத்திலேயே காட்டி வாதாடினார். நார்வே கொண்டுவந்த தீர்மானத்துக்கு ஆதரவு 9, எதிர்ப்பு 2. அந்த இரண்டில் ஒன்று சோவியத் வாக்கு. தீர்மானம் வீட்டோவில் விழுந்தது.

முடிச்சை அவிழ்த்தது ஜகார்த்தாவின் சொந்த வீட்டுச் சண்டை. 1965 அக்டோபர் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சிக்குப் பின் சுகர்ணோவின் பிடி தளர்ந்தது. அடுத்த மார்ச்சில் அதிகாரம் ராணுவத் தளபதி சுகார்த்தோ கைக்குப் போனது. மே மாத இறுதியில், 'மலேசியாவை நசுக்கு' என்று முழங்கிய படையின் அதிகாரிகளே நல்லெண்ணத் தூதாக மலேசியா வந்து துங்குவைச் சந்தித்தார்கள். சில நாளில் இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர் ஆடம் மாலிக்கும் மலேசியத் துணைப் பிரதமர் துன் ரசாக்கும் பேங்காக்கில் உட்கார்ந்தார்கள். தனட் கோமன் இரண்டு ஆண்டு முன்பு போட்ட நாற்காலி வீணாகவில்லை. 1966 ஆகஸ்ட் 11 அன்று ஜகார்த்தாவில் ஒப்பந்தம் கையெழுத்தானது. சபா, சரவாக் மக்கள் தேர்தல் வழியாகத் தங்கள் விருப்பத்தை மீண்டும் சொல்லலாம் என்ற ஒரு வரி, ஜகார்த்தாவின் முகத்தைக் காப்பாற்றியது.

ஏறக்குறைய ஓராண்டு கழித்து, 1967 ஆகஸ்ட் 8. அதே பேங்காக். ஆசியான் பிரகடனத்தில் ஆடம் மாலிக், ரசாக், தனட் கோமன், பிலிப்பைன்சின் நார்சிசோ ராமோஸ் ஆகியோரோடு, யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த சிங்கப்பூர் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினமும் கையெழுத்திட்டார். மணிலா சபா உரிமைக் கோரிக்கையைக் கைவிடாமலேயே.

(தொடரும்)