திரை–அச்சு நிறப்பொருத்தம்

திரை–அச்சு நிறப்பொருத்தம் என்பது கணினித் திரையில் தோன்றும் ஒளிப்படமும் அதன் அச்சுப்படியும் பார்வைக்கு இயன்றவரை ஒத்த நிறங்களைக் கொண்டிருக்குமாறு செய்யும் முறைகளைக் குறிக்கும். இது நிற மேலாண்மைத் துறையின் ஒரு பகுதியாகும். முழுமையான பொருத்தம் இயலாது. எந்த வேறுபாட்டை ஏற்பது, எதைத் தவிர்ப்பது என்று முடிவு செய்வதே இதன் நடைமுறைப் பயன்.

வேறுபாட்டின் காரணம்

கணினித் திரை தானே ஒளிர்வது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளைக் கூட்டி அது பிற நிறங்களை உருவாக்குகிறது. தாளோ தன்மேல் விழும் ஒளியையே திருப்பி அனுப்புகிறது. அச்சில் பயன்படும் சயான், மெஜந்தா, மஞ்சள் மைகள் முறையே சிவப்பு, பச்சை, நீல ஒளிகளை உறிஞ்சுகின்றன. எஞ்சிய ஒளியே கண்ணை அடைகிறது. கொள்கையளவில் இம்மூன்று மைகளே போதுமானவை. ஆனால் மைகள் தூய்மையாக இல்லாமையால், மூன்றும் சேரும்போது கறுப்புக்குப் பதிலாகச் சேற்றுப் பழுப்பு தோன்றுகிறது. எனவே கறுப்பு மை நான்காவதாகச் சேர்க்கப்படுகிறது.

இக்குறைபாடு சாம்பல் நிறத்தில் எளிதில் வெளிப்படும். எடுத்துக்காட்டாக, திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவெறும்பூரில் பாறைக் குன்றின் மேல் அமைந்துள்ள எறும்பீசுவரர் கோயிலின் ஒளிப்படத்தைக் கொள்ளலாம். கருங்கல்லின் சாம்பல் நிறத்தைத் திரையில் காட்ட மூன்று ஒளிகளின் எண்களும் ஏறத்தாழச் சமமாக இருந்தால் போதும். ஆப்செட் அச்சில் அவ்வாறு இல்லை. இடைநிலைச் சாம்பலுக்குச் சயான் 50 விழுக்காடு எனில், மெஜந்தாவும் மஞ்சளும் 40 விழுக்காட்டை ஒட்டியே இருக்கவேண்டும். மூன்றையும் 50 ஆக வைத்தால் பாறை பழுப்பேறிவிடும். வானத்தின் நீலம் சற்று மாறினால் பலர் கவனிப்பதில்லை. பாறையில் செம்மையோ பச்சையோ படிந்தால் உடனே கண்ணில் படும். சோதனைப் படி எடுப்பவர்கள் சாம்பல் பகுதி மிகுந்த படத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

நிற வீச்சு

ஒரு கருவியால் உருவாக்க இயலும் நிறங்களின் தொகுதி அதன் நிற வீச்சு எனப்படும். திரையின் தூய நீலமும் தூய பச்சையும் நான்கு மை அச்சின் வீச்சுக்கு வெளியே உள்ளன. திரை காட்டுவதை அச்சு தராது என்பது பொதுவான எண்ணம். ஆனால் ஆப்செட் அச்சின் தூய சயானை எஸ்ஆர்ஜிபி வீச்சில் அடக்க இயலாது. ஆகவே குறை இருபுறமும் உண்டு.

திருமணப் படத்தொகுப்புகளில் இச்சிக்கல் மிகுதி. எம். எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கும் எம்.எஸ். நீலப் பட்டுப்புடவை போன்ற ஆழ்ந்த நீலங்கள் அச்சில் ஊதாவை நோக்கிச் சாயக்கூடும். சரிகையின் மினுக்கத்தைத் திரையாலும் தாளாலும் ஒருங்கே காட்ட இயலாது. அது பார்க்கும் கோணத்தைப் பொறுத்து மாறுவது.

நிற விவரக்கோப்பு

ஒரே எண்கள் வெவ்வேறு கருவிகளில் வெவ்வேறு நிறங்களைத் தருகின்றன. எனவே கருவியைச் சாராத ஒரு பொது அளவை தேவைப்பட்டது. பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் 1931 இல் வெளியிட்ட நிற வெளியும், 1976 இல் வெளியிட்ட லேப் நிற வெளியும் இதற்கு அடிப்படையாயின. 1993 இல் அடோபி, ஆப்பிள், கோடாக், மைக்ரோசாப்ட் உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் பன்னாட்டு நிறக் கூட்டமைப்பை நிறுவின. இதன் வரையறைப்படி ஒவ்வொரு கருவியின் இயல்பும் ஐசிசி புரொஃபைல் எனப்படும் நிற விவரக்கோப்பில் பதியப்படுகிறது. மென்பொருள் படத்தின் எண்களை முதலில் பொது அளவைக்கும், பின்னர் அச்சுப்பொறியின் எண்களுக்கும் மாற்றுகிறது.

வீச்சுக்கு வெளியே உள்ள நிறங்களைக் கையாள நான்கு பெயர்ப்பு முறைகள் உள்ளன. ஒளிப்படங்களுக்கு இரண்டே பெரும்பாலும் பயன்படுகின்றன. ஒன்று, எல்லா நிறங்களையும் தம்முள் உள்ள உறவு குலையாமல் சுருக்குவது. மற்றொன்று, அடங்கும் நிறங்களை அப்படியே விட்டு, அடங்காதவற்றை மட்டும் வீச்சின் விளிம்புக்குக் கொணர்வது. கோயிற்பாறைப் படத்திற்கு இரண்டாவது முறை பொருந்தும். பளிச்சிடும் நிறங்கள் மிகுந்த படத்தில் அது பட்டின் மடிப்புகளை ஒரே நிறமாக அப்பிவிடலாம்.

ஒளிர்வு

"அச்சு இருண்டுள்ளது" என்பதே பரவலான முறையீடு. இதற்குக் காரணம் பெரும்பாலும் நிறமன்று, திரையின் ஒளிர்வே. பல திரைகள் விற்பனைக்கு வரும்போது சதுர மீட்டருக்கு 250 கேண்டெலாவுக்கும் மேற்பட்ட ஒளிர்வில் இருக்கும். 100 லக்ஸ் ஒளியுள்ள அறையில் வெண்தாளின் ஒளிர்வு ஏறத்தாழ 30 கேண்டெலா மட்டுமே. திரையை 80 முதல் 120 கேண்டெலா அளவுக்குக் குறைத்து, தாளை 500 லக்ஸ் ஒளியில் பார்த்தால் முறையீட்டின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். விலைமிக்க அளவைக் கருவி வாங்குமுன் இதைச் செய்து பார்ப்பதே முறை.

அச்சுப்படியைப் பார்ப்பதற்கான ஒளியை ஐஎஸ்ஓ 3664 என்னும் தரம் வரையறுக்கிறது. அது டி50 எனப்படும், 5000 கெல்வினை ஒட்டிய வெண்ணொளியாகும். மஞ்சள் விளக்கின் கீழ் பொருந்திய இரு நிறங்கள் பகலொளியில் பிரிந்து தெரிவதும் உண்டு.

நடைமுறை

திரையின் அளவுத்திருத்தத்திற்கு நிறமானி பயன்படுகிறது. அச்சுப்பொறிக்கு, நிறக் கட்டங்கள் கொண்ட தாளை எவ்விதத் திருத்தமுமின்றி அச்சிட்டு, நிறமாலை ஒளிமானியால் அளந்து விவரக்கோப்பு ஆக்கப்படுகிறது. தாளோ மையோ மாறினால் அக்கோப்பு பயன்படாது. கட்டற்ற மென்பொருள்களில் ஆர்கில் சிஎம்எஸ் இப்பணிக்கு உதவுகிறது. கிம்ப் 2.4 பதிப்பு முதல் (2007) நிற மேலாண்மையும், அச்சின் தோற்றத்தை முன்கூட்டியே திரையில் காட்டும் மெய்ப்பு வசதியும் கொண்டுள்ளது.

அடிக்கடி நேரும் பிழை இருமுறைத் திருத்தமாகும். படமென்பொருள் ஒருமுறையும் அச்சுப்பொறியின் இயக்கி மறுமுறையும் நிறத்தை மாற்றினால் படம் செம்மையேறி வரும். இரண்டில் ஒன்றை நிறுத்தவேண்டும். வீட்டு மைத்தெளிப்பு அச்சுப்பொறிக்குப் படத்தை நான்கு மை எண்களாக மாற்றித் தரத் தேவையில்லை; இயக்கியே அதைச் செய்கிறது. ஒளிப்பட ஆய்வகங்களுக்கு எஸ்ஆர்ஜிபி கோப்பை அனுப்புவது பாதுகாப்பானது. அடோபி ஆர்ஜிபி கோப்பின் விவரத்தைப் படிக்காத கருவியில் நிறங்கள் வெளுத்துத் தோன்றும்.

ஆப்செட் அச்சில்

தீப்பெட்டி, பட்டாசு ஆகியவற்றின் வண்ணச் சீட்டுகளை அச்சிடும் தேவையோடு சிவகாசியில் வளர்ந்த அச்சுத்தொழில், பின்னர் நாட்காட்டிகளுக்குப் பெயர்பெற்றது. இத்தகைய ஆப்செட் அச்சுக்கு மையின் நிறம், புள்ளிப் பெருக்கம் முதலியவற்றை ஐஎஸ்ஓ 12647-2 (முதற்பதிப்பு 1996) வரையறுக்கிறது. வீட்டில் எடுத்த மைத்தெளிப்புப் படியை ஆப்செட் அச்சகத்துக்கு மாதிரியாகக் கொடுப்பது ஏமாற்றத்தில் முடியக்கூடும். ஒளிப்படத் தாளில் அதன் வீச்சு ஆப்செட்டைவிடப் பெரியது. அச்சகத்தின் விவரக்கோப்பைக் கேட்டுப் பெற்று, அதன் வீச்சுக்குள் அடக்கி எடுத்த படியே மெய்ப்பாகக் கொள்ளத் தக்கது. அத்தகைய மெய்ப்புக்கான தரம் ஐஎஸ்ஓ 12647-7 ஆகும்.